டிசிஎஸ் நேர்காணலுக்கு முன், மற்றவர்களின் அனுபவங்களை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பெரம்பலூருக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் ஈசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறீர்கள். டிசிஎஸ் (டாடா கன்சல்டன்சி சர்வீசஸ்) என்ற மென்பொருள் சேவை நிறுவனத்தின் தகுதித் தேர்வை எழுதி, நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருக்கின்றன. முன்பு சென்றுவந்தவர்கள் எழுதிய அனுபவங்களை நாற்பதுக்கும் மேல் படித்துவிட்டீர்கள். ஒருவர் பத்தே நிமிடத்தில் முடிந்து தேர்வானதாகவும், இன்னொருவர் ஐம்பது நிமிடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியும் தேர்வாகவில்லை என்றும் எழுதியிருக்க, எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் தடுமாறும் என்பதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கவலை முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முடிவு உங்கள் கையில் உள்ள எதையாவது பொறுத்ததா, இல்லை உங்களுக்கு எட்டாத எதையோ பொறுத்ததா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றில் ஒன்பது ஆண்டுகள், கல்லூரி கல்லூரியாகச் சென்று புதிய பட்டதாரிகளைத் தேர்வு செய்யும் பேனலில் இருந்தேன். டிசிஎஸ்ஸின் பேனலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேலையை விட்டபின், கடந்த ஆறு ஆண்டுகளாகத் திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். டிசிஎஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் நேர்காணலுக்குச் சென்றுவரும் மாணவர்களிடம் அன்று மாலையே பேசி, கேட்கப்பட்ட கேள்விகளையும் அவர்கள் சொன்ன பதில்களையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கீழே நான் உறுதியாகச் சொல்பவை அந்த நோட்டிலும் என் பேனல் நாள்களிலும் திரும்பத் திரும்பக் கண்டவை. ஊகமாகத் தோன்றுவதை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

நேர்காணலின் அமைப்பைப் பொறுத்தவரை, நீங்கள் படித்த குறிப்புகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. நீங்கள் எழுதிய தகுதித் தேர்வில் அனைவருக்கும் பொதுவான அடிப்படைப் பகுதி ஒன்றும், கடினமான கோடிங் கேள்விகள் அடங்கிய மேல்நிலைப் பகுதி ஒன்றும் உண்டு. அவற்றில் பெறும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்ற மூன்று நிலைகளில் ஏதேனும் ஒன்றுக்கு அழைப்பு வருகிறது. நிஞ்சாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய், டிஜிட்டலுக்கு ஏறத்தாழ ஏழு லட்சம், பிரைமுக்கு அதற்கும் மேல் ஊதியம். நேர்காணலில் டெக்னிக்கல், மேனேஜீரியல், ஹெச்ஆர் என்று மூன்று சுற்றுகள். பல இடங்களில் மூவரும் ஒரே மேசையிலோ ஒரே காணொலி அழைப்பிலோ இருந்து, ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு முடித்துவிடுவார்கள்; ஆகவே தனக்கு ஒரே சுற்றுதான் நடந்தது என்று ஒருவரும், மூன்று சுற்று நடந்தது என்று இன்னொருவரும் எழுதினால், இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

கேள்விகளும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையேதான். சி, ஜாவா, பைத்தான் ஆகியவற்றில் எது தெரியும் என்று நீங்கள் சொல்கிறீர்களோ அந்த மொழியில் ஒரு சிறு புரோகிராம் எழுதச் சொல்வார்கள்: ஒரு சொல் பாலின்ட்ரோமா, அதாவது திருப்பிப் படித்தாலும் அதே சொல்லா, என்று பார்ப்பது, ஓர் அரேயில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பது, மூன்றாவது வேரியபிள் இல்லாமல் இரண்டு எண்களை இடம் மாற்றுவது போன்றவை. இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் ஆகிய புரோகிராமிங் கருத்துகளுக்கு அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டு கேட்பார்கள். டேட்டாபேஸில் பிரைமரி கீ, ஜாயின் (அட்டவணைகளை இணைத்தல்) வகைகள், நார்மலைசேஷன் (ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது), டெலீட்டுக்கும் டிரங்கேட்டுக்கும் டிராப்புக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை வரும். ஈசிஇ மாணவர் என்பதால், உங்கள் துறையை விட்டு ஏன் மென்பொருளுக்கு வருகிறீர்கள் என்ற கேள்வியை எதிர்பார்த்தே செல்லுங்கள். என் நோட்டில் ஆறு ஆண்டுகளாக இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. கேள்விகளைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும் என்றால் நாற்பது குறிப்புகள் தேவையில்லை, ஐந்தாறு போதும்.

முரண்பாடு முடிவுகளில்தான் இருக்கிறது. அதற்கு முதல் காரணம், எழுதுபவர்களில் பலர் தாங்கள் எந்த நிலைக்குச் சென்றார்கள் என்று குறிப்பிடுவதில்லை. பிரைமுக்குச் சென்றவரிடம் அல்காரிதங்களை ஆழமாகத் துருவிக் கேட்டிருப்பார்கள். நிஞ்சாவுக்குச் சென்றவரிடம் அடிப்படைகளோடு நிறுத்தியிருப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரே நிறுவனம் ஒருவரிடம் கனிவாகவும் ஒருவரிடம் கடுமையாகவும் நடந்துகொண்டதாகத் தோன்றும். இரண்டாவது காரணம் ஆண்டு. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் சுமார் ஒரு லட்சம் ஃபிரஷர்களை, அதாவது புதிய பட்டதாரிகளை, சேர்த்தது. 2024-25இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 42,000. இடையில் 2023-24இல் அதன் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையே 13,249 குறைந்தது. 2004இல் பங்குச் சந்தைக்கு வந்த பிறகு ஒரு நிதியாண்டில் அப்படிக் குறைந்தது அதுவே முதல் முறை. ஆகவே 2021இல் சென்ற ஒருவர், பாதிக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமலே தேர்வானேன் என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். அதே அளவு தயாரிப்போடு 2023இல் சென்றவர் வீடு திரும்பியதும் உண்மையாக இருக்கலாம். இருவருக்கும் இடையில் மாறியது அவர்களின் திறமை என்று கொள்ள வேண்டியதில்லை. எந்தக் குறிப்பைப் படித்தாலும் அதில் ஆண்டும் நிலையும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

மூன்றாவது காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் அறிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆயின. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் நேர்காணல் முடிந்த மாலை சொன்னதை நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: “நார்மலைசேஷன்ல மாட்டிக்கிட்டேன் சார். புரோகிராமும் பாதியில நின்னுடுச்சு. ஹெச்ஆர் கேட்டதுக்குத்தான் ஒழுங்கா சொன்னேன்.” சில வாரங்கள் கழித்து வந்த தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அடுத்த மாதம் இளைய மாணவர்களுக்காக அவரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். தன்னம்பிக்கையோடு, கண்ணைப் பார்த்துப் பேசியதால்தான் தேர்வானதாக அதில் இருந்தது. நார்மலைசேஷன் பற்றியோ பாதியில் நின்ற புரோகிராம் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவர் பொய் எழுதவில்லை. முடிவு தெரிந்தபின் நினைவு அந்த முடிவுக்கேற்ப எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டுவிடுகிறது. தேர்வாகாதவர்களிடமும் இதையே கண்டிருக்கிறேன். “நல்லாத்தான் போச்சு சார், சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க” என்று மாலையில் சொன்ன ஒரு மாணவி, முடிவு வந்தபின், பேனலில் இருந்தவர் தொடக்கத்திலிருந்தே தன்னை மதிக்கவில்லை என்று உறுதியாக நம்பினார்.

பேனல் இட்ட மதிப்பெண்ணை இந்த மாணவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை. காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை அவர்கள் கண்ணால் கண்டவை. ஏன் எடுத்தார்கள், ஏன் எடுக்கவில்லை என்பது அவர்கள் கண்டதன்று. ஆகவே ஒரு குறிப்பைப் படிக்கும்போது, நடந்ததைச் சொல்லும் பகுதியை நம்புங்கள்; “அதனால்தான்” என்று தொடங்கும் வாக்கியம் வந்ததும் அதைத் தாண்டிச் சென்றுவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், உங்களைக் குழப்பிய நாற்பது குறிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

நேரத்தின் அளவைப் பற்றி நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து சொல்ல முடியும். எங்கள் பேனல் ஒரே நாளில் இருபது, சில நாள்களில் இருபத்தைந்து பேரைக்கூடப் பார்க்க வேண்டியிருந்தது. காலையில் வந்த முதல் மாணவருக்கு அரை மணி நேரம் கொடுத்திருப்போம். மதிய உணவுக்குப் பின் பட்டியல் நீண்டு கிடந்தால் அதே அளவு தகுதியுள்ள மாணவரைப் பதினைந்து நிமிடத்தில் முடித்திருப்போம். தெளிவாகத் தேர்வாகக்கூடியவருக்கும் தெளிவாகத் தேர்வாகாதவருக்கும் குறைந்த நேரமே போதும். நீண்ட நேரம் பேசியது பெரும்பாலும் எங்களால் எளிதில் முடிவெடுக்க இயலாமல் இடைநிலையில் இருந்தவர்களிடம்தான். பத்து நிமிடத்தில் எழச் சொன்னால் கலங்க வேண்டாம், ஐம்பது நிமிடம் ஆனால் மகிழவும் வேண்டாம்.

பேனலின் தீர்ப்பும் அப்படியொன்றும் துல்லியமானது அன்று. இதை அந்தப் பணியைச் செய்தவன் என்ற முறையில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. ஜேசன் டேனா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நேர்காணலுக்கு வந்த சிலரை, கேட்ட கேள்விக்குத் தொடர்பே இல்லாமல் ஒரு விதிப்படி பதில் சொல்லச் செய்தார்கள். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எதிரில் இருந்தவரைப் பற்றித் தங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் பல்வேறு தேர்வு முறைகளை ஒப்பிட்டார்கள். வேலையில் ஒருவர் பின்னாளில் காட்டும் திறனோடு, அனைவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்காணல் 0.42 என்ற அளவுக்கும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணல் 0.19 என்ற அளவுக்கும் தொடர்பு கொண்டிருந்தன. முழுப் பொருத்தம் என்றால் அந்த எண் 1 ஆக இருக்கும். மிகச் சிறந்த நேர்காணலே பாதியைத் தொடவில்லை. நான் தேர்வு செய்யாமல் அனுப்பிய ஒரு மாணவர், ஐந்தாண்டுகள் கழித்து எங்கள் குழுவுக்கே மூத்த பொறியாளராக வந்து சேர்ந்தார். அவர் என்னை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. இரண்டு ஆண்டுகள் அவரிடம் நான் பலவற்றைக் கற்றேன். உங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் அது உங்களைப் பற்றிய இறுதித் தீர்ப்பு அன்று என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்த்தவர்கள் கண்டதும், நான் அனுபவத்தில் கண்டதும் அதுதான்.

இவ்வளவு தெளிவின்மைக்கு நடுவிலும் உங்கள் கையில் இருப்பது என்ன என்று கேட்டால், முதலில் உங்கள் பிராஜெக்டைச் சொல்வேன். ஃபிரஷரிடம் வேலை அனுபவம் இல்லை. அவர் தானே யோசித்துச் செய்த ஒன்று என்று ரெஸ்யூமேயில் இருப்பது அந்த ஒரு பிராஜெக்ட்தான். பேனலில் இருப்பவர் அதில் கைவைப்பது அதனால்தான். வருத்தத்துக்குரியது என்னவென்றால், நம் வட்டாரத்தில் பலர் பிராஜெக்டைக் கடையில் பணம் கொடுத்து வாங்கிவருகிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, மண்ணின் ஈரத்தை சென்சாரால் அளந்து தானாக மோட்டாரை இயக்கும் பாசனக் கருவி செய்திருந்தார். ஈசிஇ மாணவர்களில் பத்தில் மூன்று பேர் அதையே செய்துவருவார்கள் என்பதால் நான் ஆர்வமின்றித்தான் கேட்கத் தொடங்கினேன். சென்சார் பழுதாகி, ஈரமான மண்ணையும் காய்ந்தது என்று காட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். சற்று யோசித்து, ஒரே அளவு நெடுநேரம் மாறாமல் வந்தால் மோட்டாரை நிறுத்திவிடுமாறு ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்றார். பிறகு, நான் கேட்காமலே, தங்கள் ஊரில் வயலுக்கு மும்முனை மின்சாரம் எந்நேரமும் இருப்பதில்லை, குறித்த மணி நேரத்துக்குத்தான் வரும், ஆகவே மண் காயும்வரை காத்திருந்தால் அப்போது மின்சாரம் இருக்காது, மின்சாரம் வந்தவுடன் ஈரத்தைப் பார்த்து முன்கூட்டியே பாய்ச்சும்படி மாற்ற வேண்டும் என்று அப்பா சொன்னதால் புரோகிராமைத் திருத்தியதாகச் சொன்னார். இதையெல்லாம் அவர் சொன்னது உடைந்த ஆங்கிலத்தில். காலம் காட்டும் வினைகள் பாதி தவறு. “பவர் கம்மிங் நைட் ஒன்லி சார்” என்றார். பேனலில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று அந்தக் கல்லூரியில் நாங்கள் தயக்கமின்றி முடிவெடுத்த ஒரே நேர்காணல் அதுதான்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஆங்கிலம் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேவை நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருக்கும். பேனலில் இருப்பவர் ஐதராபாத்திலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ காணொலியில் வந்திருந்தால் தமிழில் ஒரு சொல்கூட உதவாது. சொல்ல வந்தது கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பது உறுதியான தேவை. இலக்கணப் பிழையோ, உச்சரிப்பில் தமிழ் வாடையோ தனியாக நின்று ஒருவரை விலக்கியதை என் ஒன்பது ஆண்டுகளில் நான் கண்டதில்லை. எல்லாப் பேனல்களும் அப்படித்தான் என்று உறுதி கூற மட்டும் என்னால் இயலாது. விலக்கியது பெரும்பாலும் மௌனம். தமிழ் வழியில் படித்த மாணவர்கள் வாக்கியத்தை மனத்தில் முழுவதும் கட்டி முடித்த பிறகே வாய் திறக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பேனல், பதில் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு நான் கண்ட மருந்து, சிறு வாக்கியங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். புரோகிராம் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் என்ன செய்கிறீர்கள் என்று பேசிக்கொண்டே எழுதுங்கள். பாதியில் நின்றாலும் உங்கள் யோசனை எந்தத் திசையில் போயிற்று என்பது பேனலுக்குத் தெரிந்திருக்கும். நார்மலைசேஷனில் மாட்டிக்கொண்டதாக மேலே சொன்ன மாணவர் தேர்வானதற்குக்கூட அதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் இழப்பு ஏற்படும் என்று பலர் எழுதுகிறார்கள். நான் கண்டது வேறு. ஒருவர் தெரியாது என்று சொன்னால் அந்தக் கேள்வியோடு அது முடிந்துவிடும். தெரிந்ததுபோல் அளந்தால், அடுத்து வரும் நல்ல பதில்களையும் நாங்கள் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்குவோம். ரெஸ்யூமேயில் ஒரு சொல்லைப் போட்டால் அதைப் பற்றி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள். அரியர், படிப்பில் இடைவெளி போன்றவற்றை மறைக்கவே மறைக்காதீர்கள். சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், கிடைத்த வேலை அப்போது போவது எல்லாவற்றையும்விடக் கொடியது. காணொலி நேர்காணலில் இன்னொரு திரையிலிருந்து பதிலைப் படிப்பவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். படிக்கும் கண் ஒரே உயரத்தில் இடமிருந்து வலமாக நகரும். எதிரில் இருப்பவருக்கு அது தெரியும்.

ஹெச்ஆர் சுற்றில் எந்த ஊரிலும் வேலை செய்வீர்களா, இரவுப் பணிக்குச் சம்மதமா, மேற்படிப்புக்குப் போவீர்களா என்று கேட்பார்கள். இதற்கு வீட்டில் முன்கூட்டியே பேசிவிட்டுச் செல்லுங்கள். பேனலின் முன் உட்கார்ந்துகொண்டு “அப்பாவக் கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லித் தடுமாறிய நல்ல மாணவிகளைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். சேவை ஒப்பந்தம், அதாவது பாண்டு, எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது என்று நீங்கள் படித்த ஒரு குறிப்பில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியன்று. விஜயா வங்கி தொடர்பான வழக்கில், மூன்றாண்டுகள் முடியும் முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அது பொதுத்துறை வங்கி பற்றிய வழக்கு. ஒவ்வொரு தனியார் ஒப்பந்தத்துக்கும் அப்படியே பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கையெழுத்திடும் முன் தொகையையும் காலத்தையும் படித்துப் பார்ப்பது எந்த நிலையிலும் உங்கள் உரிமை.

இனி, நான் சந்தேகத்தோடு பார்க்கும் செய்திகள். நீலச் சட்டை அணிந்தால் நல்லது, முதலில் அழைக்கப்படுபவர்களைத்தான் எடுப்பார்கள், கடைசியில் “ஏதாவது கேட்க வேண்டுமா” என்றதற்குக் கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் தேர்வானார்கள் என்பனவற்றுக்கு என் நோட்டில் எந்த ஆதாரமும் இல்லை. கல்லூரியின் பெயர் பாதிக்குமா என்பது இவற்றைப்போல் ஒதுக்கிவிடக் கூடியதன்று. எந்தக் கல்லூரிக்கு நிறுவனங்கள் நேரில் வருகின்றன என்பதில் பெயருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அந்த அநீதி உண்மையானது, கிராமப்புறக் கல்லூரி மாணவர்கள் அதைச் சுமக்கிறார்கள். ஆனால் தகுதித் தேர்வைத் தாண்டி நேர்காணல் மேசைக்கு வந்துவிட்ட பிறகு, நான் இருந்த பேனல்களில் அது பேசப்பட்டதில்லை. பேசப்படாமல் மனத்தில் இருந்திருக்குமா என்றால், என் மனத்தையும் சேர்த்தே சொல்கிறேன், இருந்திருக்கலாம்.

மீதமுள்ள பன்னிரண்டு நாள்களில் இன்னும் அனுபவக் குறிப்புகள் படிக்காதீர்கள். ஒரு மொழியை மட்டும் எடுத்து, அதில் முப்பது சிறு புரோகிராம்களைக் கணினியின்றித் தாளில் எழுதிப் பழகுங்கள். பேனலில் தாளும் பேனாவும் கொடுக்கப்படும்போது, எடிட்டரின் உதவிக்குப் பழகிய கை நடுங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு மூன்று நாள்கள் போதும், இரண்டு அட்டவணைகளை நீங்களே உருவாக்கி ஜாயின் செய்து பாருங்கள். தினமும் இரவில் உங்கள் பிராஜெக்டைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் உரக்க விளக்குங்கள். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, அம்மாவின் முன் உட்கார்ந்து சொன்னால்கூடப் போதும், வாய் பழக வேண்டும் என்பதே நோக்கம். நான்காவது நாளிலிருந்து தோழி ஒருவரிடம், நீங்கள் விளக்கும்போது இடைமறித்து, “ஏன்”, “அது வேலை செய்யலேன்னா” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு என்பது வழக்கமான தகுதி வரம்பு. உங்கள் மதிப்பெண் பட்டியல்கள் விண்ணப்பத்தில் எழுதியதோடு ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

முடிவு எத்தனை நாளில் வரும் என்று கேட்டிருந்தீர்கள். என் நோட்டில் ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு, மூன்று மாதம் ஆனதும் உண்டு. ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் ஜாயினிங் தேதி தள்ளிப்போகலாம். 2022இல் படிப்பை முடித்தவர்களில் பலர், வெவ்வேறு நிறுவனங்களில் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். எனவே லெட்டர் கையில் இருந்தாலும் சேரும் நாள் வரை மற்ற நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். அதில் தவறு ஏதும் இல்லை. அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் மோசடிக்காரர்கள் அழைப்பார்கள். ஜாயினிங்கை விரைவுபடுத்துகிறோம், பாதுகாப்பு வைப்புத்தொகை கட்டுங்கள், லேப்டாப்புக்கு முன்பணம் அனுப்புங்கள் என்பார்கள். லெட்டரில் நிறுவனத்தின் முத்திரைகூட இருக்கும். வேலை கொடுப்பதற்கு டிசிஎஸ் பணம் வாங்குவதில்லை. உங்கள் விண்ணப்பத்தின் நிலையை நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற டிசிஎஸ்ஸின் விண்ணப்பத் தளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். அதில் இல்லாத எதையும் தொலைபேசியில் யார் சொன்னாலும் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நேர்காணல் முடிந்த அன்று மாலையே, முடிவு தெரியும் முன், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் ஒரு தாளில் எழுதிவைத்து, இயன்றால் இங்கே பதிவிடுங்கள். எந்த நிலைக்கு, எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்து.